காது குத்தாத காதுகுத்து

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு பிரமாதம். தாம்பூலப் பையில் தேங்காய்கூட இருந்தது. எல்லாம் நடந்தது, காது மட்டும் குத்தவில்லை.

அதற்கு முழுக் காரணமும் நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் நான் செய்தது ஒரு தப்பு... அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

முதலில் தனம் என்கிற தனலட்சுமி. மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு கோயிலுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஆறடி அகலக் கடையில் ப்ளவுஸ் தைக்கிறாள். சொன்ன தேதியில் ப்ளவுஸ் தருகிற டெய்லர் — நம்ப மாட்டீர்கள், இருக்கிறாள். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம். கணவர் குமார் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிறார். ஒரே பெண், தர்ஷினி. ஆறு வயது.

தர்ஷினிக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. சத்தம் ஆகாது. யாராவது திடீரென்று தொட்டால் ஆகாது — அதிலும் காதைத் தொட்டால், தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அந்தத் தழும்பை மறைக்கத்தான் தனம் அவளுக்கு எல்லா கவுனையும் முழுக்கையாகத் தைக்கிறாள் என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஏதோ ஃபேஷன் என்று நினைத்துப் பாராட்டிக்கூட இருக்கிறேன்.

ஒரு வருடமாக வாரம் மூன்று நாள் தெரபி சென்டருக்குப் போகிறாள். அங்கே படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகளைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். தண்ணீர் வேண்டுமா, தம்ளர் படம். பாத்ரூமா, அதற்கொரு படம். எல்லாவற்றையும் வளையத்தில் கோத்து, சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். வாயால் கேட்க முடியாததை எடுத்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா? தண்ணீர் அட்டையைத் தானாக அம்மாவிடம் நீட்டவே அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. அன்று தனம் கடையை மூடிவிட்டுத் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் என் ப்ளவுஸ் லேட்.

அந்தத் தெரபிக்கு ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கிற அடுத்த குழந்தைக்குப் போய்விடும். சென்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்தக் குழந்தையும் குழந்தைதானே? ஆனால் சைட் நின்றுபோய் இரண்டு மாதமாகக் குமாருக்கு வேலை இல்லை. மாத முடிவுக்குள் பணம் வேண்டும்.

எழுதுகிறவளாயிற்றே நான்... சும்மா இருப்பேனா? இன்டர்நெட்டில் நன்கொடை திரட்டலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். உருக்கமாக ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே 'மனதைத் தொடும் போட்டோ' ஒன்று வேண்டுமென்று அந்த வெப்சைட் கேட்டது.

"மனசத் தொடறதுன்னா, அழுகற மாதிரிங்களாக்கா?" என்றாள் தனம், ஊசியில் நூல் கோத்தபடி.

"கொஞ்சம் சோகமா இருந்தா நல்லதுன்னு போட்டிருக்கு."

"அவ அழுகறப்ப எனக்கு ரெண்டு கையும் அவகிட்டத்தானுங்க்கா இருக்கும். போட்டோ ஆரு எடுக்கறது?"

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அவளிடம் வேறு யோசனை இருந்தது. கல்யாணமான பத்து வருடத்தில் ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை வளைகாப்பு, எத்தனை கிரகப்பிரவேசம்... அத்தனைக்கும் பஸ் ஏறிப் போய் மொய் வைத்தவள். இவள் வீட்டில் மட்டும் இதுவரை ஒரு விசேஷமும் நடக்கவில்லை. வைத்த மொய்யைச் சும்மா போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? நம் வீட்டில் விசேஷம் வைத்தால்தான் அது திரும்பி வரும்.

"நாங்க வச்சதெல்லாம் ஊருக்குள்ளதானுங்க்கா இருக்குது. தர்மம் ஒண்ணும் கேக்கல. தர்ஷினிக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை அடிச்சா, வந்து வச்சுட்டுப் போவாங்க."

"அவ காதைத் தொடவே விட மாட்டாளே?"

"குத்த மாட்டமுங்க. சாமி கும்புட்டு, சோறு போட்டு அனுப்பிருவோம்."

என்னுடைய ஒரு பக்க உருக்கத்தை நினைத்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. இது எவ்வளவு கௌரவமான யோசனை.

பத்திரிகை வாசகத்தைத் தனமே எழுதிக்கொண்டு வந்தாள், ப்ளவுஸ் அளவு எழுதுகிற நோட்டிலிருந்து கிழித்த தாளில். தேதி, இடம் எல்லாம் போட்டுக் கீழே நாலு வரி: 'பாப்பாவுக்குச் சத்தம் ஆகாது. மேளம், மைக் கிடையாது. பாப்பாவை யாரும் தொட வேண்டாம். காது இப்போது குத்தவில்லை, மன்னிக்கவும்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நாலு வரியையும் வெட்டினேன்.

"பத்திரிகையில போய் 'கிடையாது, வேண்டாம்'னு அடுக்கினா யார் வருவாங்க தனம்? போன்ல சொல்லிக்கலாம்" என்றேன். முப்பது வருட எடிட்டிங் புத்தி... எங்கே போகும்? தனம் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிங்க்கா" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என் மேல் அவள் வைத்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை. தெருக்கோடியில் ஒரு சின்ன ஹால். "மைக் பேடவா மேடம்? ஃப்ரீனே" என்று ஹால் மேனேஜர் கன்னடத்தில் மூன்று முறை கேட்டுவிட்டார். இலவசமாகக் கிடைக்கிற மைக்கை வேண்டாம் என்கிற விசேஷ வீட்டை அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

தர்ஷினி சத்தத்தை அடக்குகிற நீல நிற ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தாம்பூலப் பைகளை ஒரே வரிசையில், ஓர் இன்ச் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மொய் எழுதுகிறவர் நோட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு வாசலில் மேளம் கேட்டது.

தாய்மாமன் வந்துவிட்டார். தனத்தின் அண்ணன் மாதேஷ், ஹனூரில் மக்காச்சோளம் போடுகிறவர். வேன் நிறைய ஆட்கள், தாம்பாளம் தாம்பாளமாகச் சீர், மேளக்காரர்கள் நாலு பேர், கூடவே காது குத்த ஓர் ஆசாரி. மேளம் வேண்டாம், காது குத்தவில்லை என்று தனம் போனில் சொல்லத்தான் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று தங்கச்சி சொல்கிறாள் என எடுத்துக்கொண்டுவிட்டார் மனுஷன். பத்திரிகையிலும் ஒன்றும் இல்லையே.

தர்ஷினி ஓடிப்போய் மேஜைக்கு அடியில் சுருண்டுகொண்டாள். பட்டுப்புடவையோடு தனம் அவள் பின்னாலேயே தவழ்ந்து போனாள். நான் வாசலுக்கு ஓடி மேளத்தை நிறுத்தச் சொன்னேன். மேளக்காரர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள். மாதேஷின் முகம்தான் சுருங்கிப்போனது.

"எம் மருமவளுக்கு நான் மேளம் அடிக்காம வேற ஆருங்க அடிக்கறது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். பத்திரிகையில் அந்த வரிகளை வெட்டியது நான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சிக்கல் அதோடு முடியவில்லை. மொய் மேஜைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. காது குத்திய பிறகுதானே மொய்? எல்லோரும் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை... முறை என்று ஒன்று இருக்கிறதே.

"ஒரு நிமிஷ வேலைதான் அம்மிணி" என்றார் மாதேஷ் தங்கையிடம், மெதுவாக. "எல்லாக் கொழந்தையும் அழுகத்தான் அழுகும். குத்தாம மொய் வாங்குனா நாளைக்கு ஊரு உன்னப் பேசும். எனக்குத் தாங்காது."

தனம் குமாரைப் பார்த்தாள். குமார் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தாள். மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"சரிங்ணா" என்றாள். அந்தக் குரல்... வேண்டாம், அதை என்னால் எழுத முடியாது.

மாதேஷ் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனமே குழந்தையைத் தூக்கி வந்து அண்ணன் மடியில் வைத்தாள். தர்ஷினி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஹெட்போனை மெல்லக் கழற்றினார். கம்மலை எடுத்தார். அவர் விரல் அவள் காதில் பட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்தால் — தர்ஷினியின் கை வாய்ப்பக்கம் பாதி வழி போயிருந்தது. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கி, இடுப்பு வளையத்தைத் தேடியது. தண்ணீர், பாத்ரூம், தோசை என்று ஒவ்வொரு அட்டையாகத் தள்ளினாள். சிவப்பாக ஓர் உள்ளங்கை வரைந்திருந்த அட்டையைப் பிடுங்கி, மாமன் கையில் வைத்து அழுத்தினாள்.

"என்ன அம்மிணி இது?"

"வேண்டாங்கறாங்ணா." தனத்துக்கு அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "இந்த அட்டைய சென்டர்லதான் குடுப்பா. வெளிய ஒருக்காக்கூடக் குடுத்ததில்லீங்ணா."

"அவளாவா சொல்றா?"

"அவளேதானுங்ணா."

மாதேஷ் அட்டையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய சட்டைப் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அட்டை மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. பதில் வரும்வரை எடுப்பதாகவும் இல்லை.

"ஆசாரி, எடுத்து வைங்க" என்றார் மாதேஷ். "புள்ள வேண்டாங்குது."

"மாப்ள, முறைன்னு ஒண்ணு..." என்று பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்தார்.

"முறைக்காரன் நாந்தானுங்களே? எங்கிட்ட நேராச் சொல்லிருச்சு. அப்பறம் என்னங்க."

ஹெட்போனை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். அவள் தானாக மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பைகளை அடுக்கப் போய்விட்டாள். மாதேஷ் நேராக மொய் மேஜைக்குப் போய் முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னார். கம்மலையும் அங்கேயே வைத்தார். "என்னைக்குப் போட்டுக்கறாளோ, அன்னைக்குப் போட்டுக்கட்டும்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மேளக்காரர் ஒருவர்கூட நூறு ரூபாய் எழுதினார்.

நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

திங்கட்கிழமையே தனம் சென்டரில் ஆறு மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டாள். "இதெல்லாம் திருப்பி வைக்கோணுமில்லீங்க்கா" என்கிறாள், மெஷினை மிதித்துக்கொண்டே. வைத்துவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். மொட்டை அடிக்கிறோம், காது குத்துகிறோம், அழுதால் வாயில் வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுச் சிரிக்கிறோம். குழந்தையிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? பேசத் தெரிந்த குழந்தைகள் வேண்டாம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நமக்கு உறைப்பதில்லை. பேச்சே வராத ஒரு குழந்தை சொன்னது அன்றைக்கு அந்த ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சிவப்பு அட்டை திரும்பி வரவில்லை. மாதேஷ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹனூருக்கே போய்விட்டார். தனம் போன் செய்து கேட்டால், தர மாட்டேன் என்கிறாராம். டீக்கடையில் எல்லோரிடமும் எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்:

"எம் மருமவ மொதமொதல்ல பேசுனது எங்கூடத்தான்."

தப்பு. முதல் அட்டை தனத்துக்குக் கிடைத்தது, அந்தத் தண்ணீர் அட்டை. ஆனால் இந்த முறை நான் ஒரு வரியையும் வெட்டுவதாக இல்லை.