நாலாவது கண்ணாடி

இது நடந்தது. கதை கட்டும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. நேரங்களை மட்டும் கைபேசியைப் பார்த்துச் சரியாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். முந்தைய நாள் சட்டையையே மாட்டிக்கொண்டேன். டீ போட்டேன். பாதி குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினேன். 6.10க்கு மச்சினி போன் செய்தாள். ஏழு மாதமாகத் தினமும் அதே நேரம்தான்.

“சாப்டீங்களா மாமா?”

“ம்.”

“என்ன?”

“பிரெட்.”

“நேத்தும் பிரெட், முந்தாநேத்தும் பிரெட். பேக்கரில வேலைக்குச் சேந்துட்டீங்களா? உங்களுக்குப் பொய் சொல்லவே வராது மாமா.”

வரும். அது அவளுக்குத் தெரியாது.

நான் கட்டடப் பொறியாளன். நகரத்தின் பழைய கட்டடங்களை இடிபடாமல் காப்பாற்றப் போராடும் ஒரு சங்கத்தில் வேலை. விரிசல்களைக் கண்காணிப்பது என் பொறுப்பு. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனைகளையும் பூச்சால் ஒட்டி, தேதி எழுதுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எங்கள் கொத்தனார் அதைச் ‘சாட்சி’ என்பார்.

என் மனைவியும் அதே சங்கம். கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவாள்.

ஏழு மாதத்துக்கு முன் பழைய தபால் நிலையத்தில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. கட்டடத்தை இடிப்பதா என்று மறுநாள் விசாரணை. சுவர் நகர்கிறது என்று தெரிந்தால் இடிக்க உத்தரவு போட்டுவிடுவார்கள். ஒரு நாள் தாங்கினால் போதும், பிறகு முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டினேன். அதில் பழைய தேதியை எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் அங்கே மாடியை அளக்கப் போனாள். 9.15க்குச் சுவர் அவள்மேல் இறங்கியது.

மழைதான் காரணம் என்று எழுதினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு சங்கத்துக்கு வந்த கட்டடம், பழைய நூலகம். வெள்ளிக்கிழமை விசாரணை. சனிக்கிழமை பொதுமக்களை அழைத்து மாடிக் கூடத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. ஐம்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சங்கத்தை நடத்தும் வக்கீல் திங்கட்கிழமை சொல்லியிருந்தார். “தபால் ஆபீஸும் போச்சு. இதுவும் போனா நாம கடையக் கட்ட வேண்டியதுதான். ரிப்போர்ட்ட நல்லபடியாக் குடுப்பா.”

6.50க்கு நூலகத்துக்குப் போனேன். கொத்தனார் இன்னும் வரவில்லை. மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில், போன மாதம் நானும் அவரும் மூன்று கண்ணாடிகள் ஒட்டியிருந்தோம்.

இரண்டாவது உடைந்திருந்தது.

சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பையைத் திறந்தேன். பழைய பூச்சைச் சுரண்டினேன். புதுப் பூச்சு குழைத்தேன். புதுக் கண்ணாடியை ஒட்டினேன். போன மாதத் தேதியை எழுதினேன். பழகிய கை.

மணி 7.04.

மேலே கூடத்துக்குள் ஒரு சத்தம். இரும்பு அளவு நாடாவை இழுக்கும் சத்தம். ஸ்ர்ர்ர்ர்... நின்றது. பிறகு நாடா உள்ளே ஓடித் திரும்பும் சத்தம். டக்.

“அண்ணே?” என்றேன். கொத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஏறிப் பார்த்தேன். கூடத்தின் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

ஸ்ர்ர்ர்ர்... டக்.

இந்த முறை சத்தம் என் முதுகுக்குப் பின்னால். படி திரும்பும் இடத்தில்.

கீழே இறங்கினேன். ஆள் இல்லை. தூசியில் என் செருப்புத் தடம் மட்டும்.

மணி 7.09.

சுவரைப் பார்த்தேன். ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கு.

நாலாவது கண்ணாடி, என்னுடையதற்கு ஒரு சாண் கீழே. பூச்சைத் தொட்டேன். ஈரம். விரல் பதிந்தது.

தேதி எழுதியிருந்தது. பதினேழு. ஏழின் நடுவே சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. எங்கள் சங்கத்தில் ஒருத்திதான் ஏழை அப்படிப் போடுவாள்.

அது தபால் நிலையத்தில் நான் கண்ணாடி மாற்றிய தேதி.

நான் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

டிக்.

நாலாவது என் கண்முன்னே குறுக்காக வெடித்தது.

டிக். முதலாவது.

டிக். மூன்றாவது.

நான் ஒட்டியது மட்டும் மிச்சம்.

பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல...

காத்திருப்பதுபோல...

“உடஞ்சிருந்துச்சு,” என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். “நான்தான் மாத்துனேன்.”

டிக்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலுக்கு வந்தபோது மணி 7.12.

கொத்தனார் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். “என்ன சார், மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு?”

படியைக் கைகாட்டினேன். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சிரிப்பும் போயிருந்தது.

“நாம மூணுதான சார் ஒட்டுனோம்? நாலாவது எது?”

“தெரியலண்ணே.”

“ஏழு மாசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு. இந்தக் கட்டடத்துச் சாவியே நமக்குப் போன மாசம்தான் வந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “அதுவும் ஈரம். ரெண்டாவதும் ஈரம்.”

என் கையைப் பார்த்தார். நகத்தில் பூச்சு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றே அறிக்கை எழுதினேன். சுவர் நகர்கிறது, யாரையும் மாடிக்கு விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் போனில், “நம்ம கையாலயே குழி வெட்டிட்டியேப்பா,” என்றார்.

“ஆமா சார்.”

சனிக்கிழமை அந்தப் படிக்கட்டு விழுந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். விழவில்லை. வேலி போட்டு மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் இடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்கு வந்தாள். காவல் நிலையத்தில் இருந்த அக்காவின் பையை அப்போதுதான் கொடுத்தார்களாம். “நீங்களே பிரிங்க மாமா. என்னால முடியல,” என்று கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே அளவுப் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நான்கே வரி.

‘காலை 8.50. மாடிச் சுவர், கண்ணாடி 2.
பூச்சு ஈரமாக இருக்கிறது.
தேதி மூன்று மாதம் பழையது.
எழுத்து அவருடையது.’

8.52க்கு அவள் எனக்குப் போன் செய்தாள். ஏழு மாதமாக அதை வழக்கமான போன் என்றே நினைத்திருந்தேன். அப்போது நான் விசாரணை அறையின் வாசலில் இருந்தேன். வக்கீல் என் தோளை ஒட்டி நின்றிருந்தார்.

“மாடிச் சுவர நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“நகரல இல்ல?”

“நகரல.”

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“நீங்க சொன்னா சரிதான்,” என்றாள்.