ஆட்டெலும்புக்கு வைத்த அரக்கு

புனிதர் ஒருவரின் எலும்பைத் தொலைத்துவிட்டு, அந்த இடத்தில் ஆட்டெலும்பை வைத்தேன். அது புனிதருடையதுதான் என்று ஒரு பெண்ணிடம் சொல்லவும் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டியிருந்த பழைய வகுப்பறையைச் சின்ன அருங்காட்சியகமாக்கும் பொறுப்பைப் பங்குச்சாமியார் என்னிடம் கொடுத்தார். பழைய பூசை உடுப்புகளுக்கும் லத்தீன் புத்தகங்களுக்கும் நடுவில் வைக்க வேண்டியது திருப்பண்டம். ஆதிக் காலத்தில் வேதத்துக்காக உயிர்விட்ட ஒருவரின் எலும்புத் துணுக்கு, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. வட்டமான பித்தளைச் சிமிழ். முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் பட்டுநூல் கட்டி அதன்மேல் சிவப்பு அரக்கு முத்திரை.

கண்ணாடியின் உள்பக்கம் மங்கியிருந்தது. துடைத்தால் பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியுமே என்று நினைத்தேன். முத்திரை உடைந்தால் உள்ளே இருப்பதற்குச் சாட்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். முத்திரைகளைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியவன்தான். ஆனாலும் பிளேடால் கீறித் திறந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன்; துணுக்கு பறந்துபோனது.

செல்போன் வெளிச்சத்தில் மத்தியானம் வரை தரையில் ஊர்ந்து தேடினேன். மேசையடித் தூசியைக் காகிதத்தில் கூட்டிச் சலித்தேன். கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்த கறிக்குழம்பிலிருந்து ஒரு எலும்பை எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, நுனியில் ஒரு துணுக்கை உடைத்தேன். அதை உள்ளே ஒட்டி, நூலைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, என் பழைய கோட்டுப் பொத்தானை அழுத்தினேன். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அலமாரியைத் திறந்து சிமிழை நான்தான் கையில் பிடிப்பேன். சனங்கள் வரிசையாக வந்து கண்ணாடியில் உதடு வைத்து முத்தி செய்வார்கள். சிலர் பஞ்சைச் சிமிழில் தொட்டு எடுத்துப்போய் நோயாளியின் தலைமாட்டில் வைப்பார்கள். ஒவ்வொரு நெற்றியும் குனியும்போது பின்பக்க முத்திரையை உள்ளங்கையால் மூடிக்கொள்வேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தினேன். பூசையில் நற்கருணை அப்பம் வாங்காததற்கு, மாத்திரைக்காகச் சாப்பிட்டுவிட்டேன் என்று சாக்குச் சொன்னேன்.

கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் பஞ்சு.

"சார், நெசமாவே இது அவரோட எலும்புதானா?"

"ஆமாம்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே சொன்னார். கணவருக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். இவர்தான் தள்ளி வைத்திருக்கிறார். "ஒம்பது வெள்ளிக்கிழமை பஞ்சைத் தொட்டு வச்சிட்டு, அப்புறம் அனுப்பலாம்னு நேர்ந்துக்கிட்டேன் சார்."

"தள்ளிப்போடாதீங்கம்மா. டாக்டரும் கடவுள் அனுப்பினவர்தான்" என்றேன்.

"இம்புட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களே இப்பிடிப் பேசுனா எப்பிடி சார்?" என்று சிரித்தார்.

அந்த வாரம் முழுக்கப் பயம். போன் அடித்தால் அந்தக் கணவர் செத்துப்போன செய்தி என்றே தோன்றும். எனக்கு அவர்கள் நம்பர்கூடத் தெரியாது. மூன்றாம் வெள்ளிக்கிழமை, "அவருக்குக் கால் வீங்கிப்போச்சு சார், படுத்தா மூச்சு முட்டுது. இன்னும் ஆறு வாரந்தானே" என்றார். அப்போதும் நான் சிமிழை நீட்டினேன். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

மறுநாள் காலை பங்குச்சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிமிழைத் திருப்பிப் பொத்தான் தடத்தையே வெகுநேரம் பார்த்தார். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்ட யார் சார் சொல்றது?" என்றார்.

காட்சியறைக்கு வருகிறவர்கள் எழுதும் நோட்டிலிருந்த அந்தப் பெண்ணின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கணவர் இறந்திருப்பார், வாசலில் பந்தல் இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்தேன். பந்தல் இல்லை. கட்டிலில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தொலைந்தது, கறிக்குழம்பு, பொத்தான், எல்லாம்.

அவர் திட்டவில்லை. கணவரின் தலைமாட்டிலிருந்து மூன்று பஞ்சையும் எடுத்து என் கையில் வைத்தார். பிறகு போனை எடுத்து, "அண்ணே, காரை எடுத்துட்டு வா. மதுரைக்குப் போகணும்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

காட்சியறையில் இப்போது சிமிழ் திறந்து, காலியாக இருக்கிறது. "இதிலிருந்த திருப்பண்டம் என் தவறால் தொலைந்தது. அதை மறைத்து வேறொன்றை வைத்தேன்" என்று என் கையால் எழுதி, கையெழுத்திட்டு மாட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு நானே விளக்குகிறேன். சிலர் என்னோடு பேசுவதில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த மனிதர் வந்தார். மெலிந்திருந்தார். அட்டையை வாசித்துவிட்டு, "எந்தக் கடைக் கறி சார்? அதுக்கும் கொஞ்சம் சக்தி இருந்திருக்கும்போல" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. முன்பே வந்திருந்தால் இருதயம் இம்புட்டு பலவீனப்பட்டிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இனி மம்பட்டி பிடிக்கக் கூடாதாம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

"வீட்டுல வரலையா?" என்று கேட்டேன்.

"வந்திருக்கா. உள்ள வரமாட்டேங்கிறா."

சன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, கோயிலுக்கு முதுகைக் காட்டி, குடை பிடித்து நின்றிருந்தார். போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று வாசல்வரை நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை.