நீலத் தலை, சிவப்பு வயிறு, பச்சைக் கால்

மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. மூன்று பட்டையாகச் சாயம் ஏற்றிய ஒரு பிளாஸ்டிக் தாள் என் அலமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. இதைக் கறுப்பு வெள்ளை டிவியின் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டு, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று வருடம் கலர் டிவி பார்த்தோம். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும், ஏன் என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

மலேசியாவில் சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போடுபவரை டிரஸ்ஸரையா என்போம். கிளப்பில் இருந்த ஒரே டிவிக்கும் அவர்தான் பொறுப்பு. சனிக்கிழமை மத்தியானம் அரசாங்க டிவியில் அரை மணி நேரம் கார்ட்டூன் வரும். அந்த நேரத்தில் தோட்டத்தில் கரண்ட் கிடையாது. லோரியிலிருந்து கழற்றி வந்த பேட்டரியில் அவர் ஒயரை மாட்டுவார், ஊசி போடுகிற அதே முகத்தோடு. நாங்களும் ஊசிக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிதான் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். ஆங்கிலம் பேசும் பூனையும் மலாய் பேசும் முயலும் எங்களுக்கு ஒன்றுதான். அடி விழுந்தால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனர் கடையில் கலர் டிவி வந்துவிட்டது என்று பேச்சு வந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஒரு சனிக்கிழமை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரோட்டின் நடுவில் கையை விட்டது நான்தான். மோட்டார் சைக்கிள் தட்டி, அவன் முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து, எலும்பும் கீறிவிட்டது. பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போன அம்மா ஓடி வந்தபோது என் வாயில் வந்தது ஒரே பொய். "அவனாத்தான்மா ஓடுனான். நான் கூப்பிடவே இல்ல." வலியில் அழுதுகொண்டிருந்தவனுக்கு அம்மாவிடம் திட்டும் விழுந்தது. அவன் என்னையே பார்த்தான். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரையா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டரை நீளநீளமாக ஒட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் இந்தத் தாள் டிவி மேல் இருந்தது. "இனிமே இதுதான் கலர் டிவி. யாரும் ரோட்டத் தாண்டிப் போக வேணாம், சரியா?" என்றார் டிரஸ்ஸரையா. நாங்கள் வாயைப் பிளந்தோம். பூனைக்கு நீலத் தலை, சிவப்பு வயிறு, பச்சைக் கால். ஆனால் அது குதித்தால் முழுக்க நீலமாகிவிடும், கீழே விழுந்தால் பச்சையாகிவிடும். இதற்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பயந்தால் நீலம், அடிபட்டால் பச்சை. மற்ற பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டார்கள், எதிர்த்தவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஈப்போவுக்குக் குடிபோனோம். மாமா வீட்டில் நிஜமான கலர் டிவி. அதில் அதே பூனை, ஆனால் தலை முதல் வால் வரை சாம்பல். "டிவி ரோசாக் போல இருக்கு மாமா, கலரெல்லாம் கெட்டுப்போச்சு" என்று நான் சொன்னதும் வீடே சிரித்தது. அதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்தில் முயல் வரையச் சொன்னபோது நீலக் காதும் பச்சைக் காலும் தீட்டினேன். டீச்சர் படத்தைத் தூக்கிக் காட்ட, வகுப்பு முழுக்கக் கொண்டாட்டம். அன்று பட்ட அவமானம் இன்னும் காதோரம் சுடுகிறது.

அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோது நேரே கிளப்புக்கு நடந்தேன். அவ்வளவு பேருக்கு நடுவில் டிரஸ்ஸரையாவிடம் சொன்னேன்: "நீங்க பொய் சொல்லிட்டீங்க. அது கலர் டிவி இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு. பொய்க்காரரு நீங்க."

யாரோ என்னை அதட்டினார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, "தம்பி காலு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. விடுவிடென்று வெளியே வந்துவிட்டேன்.

தம்பி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "நீ கைய விட்டத அன்னைக்கே டிரஸ்ஸரையாகிட்ட சொல்லிட்டேன்லாக்கா. அக்காவக் காட்டிக் குடுக்காதீங்கன்னேன். சரின்னாரு." என் பொய்யை மூன்று வருடம் மூடி வைத்திருந்த மனிதரைத்தான் ஊர் நடுவில் நிற்க வைத்துப் பொய்க்காரர் என்றிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் உயிரோடு இல்லை. நாங்கள் பிறந்த லயத்து வீட்டு வரிசையும் காலியாகக் கிடந்தது. அவர் மனைவி ஒரு பெட்டியிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். "எங்களுக்காகத்தான் வாங்கினாராம்மா?" என்று கேட்டேன். "தெரியலயே கண்ணு. தைப்பிங் போனாரு, யாரோ வித்தான்னு வாங்கிட்டு வந்தாரு. கடேசி வரைக்கும் கலர் டிவி, கலர் டிவின்னுதான் சொல்லுவாரு" என்றார். அவர் எங்களுக்காகப் பொய் சொன்னாரா, தானும் நம்பினாரா, அல்லது என் பேச்சுக்குப் பிறகு வேண்டுமென்றே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாரா? இத்தனை வருடமாகப் புரட்டிப் பார்க்கிறேன். தாளின் நாலு மூலையிலும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் பழுப்பேறி ஒட்டியிருக்கிறது. தம்பியின் காலில் ஒட்டியது இதே பிளாஸ்டர்தான்.

இப்போது நாள் முழுக்கக் கார்ட்டூன் மட்டுமே காட்டுகிற சேனல் இருக்கிறது. போன வாரம் தம்பி மகள் என் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தேனோ, தாளை எடுத்து வந்து டிவி மேல் பிடித்தேன். அந்தப் பெரிய டிவியில் அது கால்வாசியைக்கூட மறைக்கவில்லை.

"எடுங்க அத்தை. கலர் தப்பா இருக்குலா" என்றாள்.

நான் எடுக்கவில்லை. தாளுக்குப் பின்னால் ஒரு பூனை ஓடி வந்து எகிறிக் குதித்தது, முழுக்க நீலமாகிவிட்டது.

"ஏன் அத்தை அது நீலமாயிருச்சு?"

"பயந்துருச்சும்மா" என்றேன்.