சட்டம் பிழை என்று சொன்ன நீதிபதி

ரொறன்ரோ நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நான் நின்ற வழக்குகளில், யோகேஸ்வரி அன்ரியின் வழக்கை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அன்ரி ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் இருந்தவர். கணவர் ஒரு முதியோர் இல்லத்தில் கவனிப்பாரின்றி இறந்துபோனார் என்று வழக்குப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு, அப்படியான இல்லங்கள்மீது வழக்கே போட முடியாதபடி ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே போட்ட வழக்குகளையும் அது விட்டுவைக்கவில்லை.

"எனக்குக் காசு வேண்டாம் பிள்ளை. அந்த மனிசனுக்குக் கடைசியில என்ன நடந்தது எண்டு அந்த இல்லக்காரர் சத்தியம் பண்ணிச் சொல்லவேணும்," என்றார் அன்ரி. விசாரணை நடந்தால்தானே சொல்வார்கள்? அந்தச் சட்டத்தையே இரத்துச் செய்யச் சொல்லி அவருடைய லோயர் வாதாடினார்.

எங்கள் தொழிலில் பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்லவேண்டும். தீர்ப்பு நாளன்று நீதிபதி வாசிக்க வாசிக்க அன்ரியின் காதருகே சொன்னேன்: "இந்தச் சட்டம் நியாயமற்றது என்று நான் கருதுகிறேன்."

அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டார், பாவம். 'ஆனால்' வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"ஆனால் சட்டம் இயற்றுவது மக்கள் தெரிவுசெய்த சபை. அரசியலமைப்பில் எழுதியிருப்பதை அது மீறினால் நான் தடுக்கலாம். நியாயமில்லை என்பதற்காக மட்டும் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. அரசியலமைப்பில் எழுதப்படாத அடிப்படைக் கொள்கைகளும் சபையைக் கட்டுப்படுத்தும் என்று சில நீதிபதிகள் கருதுகிறார்கள். அவற்றைக்கொண்டு ஒரு சட்டத்தை இரத்துச் செய்ய உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன்."

வெளியே மரவாங்கில் இருந்தபடி அன்ரி சொன்னார்: "ஊரிலதான் பாராளுமன்றம் நினைச்சதெல்லாம் சட்டம். இங்க கோட் தட்டிக் கேக்கும் எண்டு நம்பினன். நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை, உது சரியோ?"

அபிப்பிராயம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. மனம் கேட்கவில்லை.

"அந்தச் சட்டம் எனக்கும் சரியாப் படேல்லை அன்ரி. ஆனா நான் ஒண்டும் சொல்லக்கூடாது."

"நீதிபதியும் உதைத்தானே சொன்னவர்," என்றார் அன்ரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றும் செய்ய ஏலாத இடத்தில், உங்கள் மனம் ஆறுவதற்காக அனுதாபம் சொல்லாதீர்கள். நீதிபதி தன் எல்லையை மீறவில்லை. அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தன் கணவருக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று மட்டும் அன்ரிக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.