ஊதிக் காட்டிவிட்டுப் பறந்தவர்கள்

மூச்சை அளப்பது என் பிழைப்பு. அளந்த மூச்செல்லாம் விமானம் ஏறிப் போய்விட்டது, அளந்த நான் தஞ்சாவூரிலேயே இருக்கிறேன்.

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் எடுத்த காலம் அது. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் சில கம்பெனிகள் எங்கள் சென்டரில் நுரையீரல் பலத்தை அளக்கும் மெஷினில் ஊதிக் காட்டச் சொல்லும். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயைக் கவ்வி, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே தம்மில் ஊத வேண்டும். எனக்கோ சின்ன வயதிலிருந்தே வீசிங். ஊராரை வழியனுப்பியே ஓய்ந்துபோன உங்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பாடிப் பழகிய மூச்சு

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு கபடி ஆட்டக்காரர் வந்தார். மலேசியாவில் வேலை. நல்ல கட்டுடல். ஊதச் சொன்னால் திரையில் கோடு படுத்துவிட்டது. காரணம் எனக்கு உடனே தெரிந்தது. கபடி பாடிப் பாடி மூச்சைச் சிக்கனமாக விட்டுப் பழகியவர். மெஷினுக்கோ மொத்தமும் குபீரென்று வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டையே எழுதிவிட்டால் மனுஷர் ஒரத்தநாட்டிலேயே கிடப்பார். பேனாவைத் திறந்தும்விட்டேன்.

மனசு கேட்கவில்லை. “நுரையீரல் தானா விரியாதுங்க. அதுக்குக் கீழ உதரவிதானம்னு ஒரு தசை இருக்கு. அது இறங்கினாத்தான் காத்து உள்ள வரும். நல்லா இழுத்து, வயித்தை எக்கி மொத்தத்தையும் தள்ளுங்க” என்றேன். கோடு எகிறியது. வயிற்றெரிச்சல் தாங்காமல், மூச்சை அடக்கினால் ஏன் முட்டுகிறது தெரியுமா என்று கேட்டேன். ரத்தத்தில் கரியமிலவாயு சேர்வதுதான் முதலில் மூளையை உசுப்புகிறது என்று பதிலையும் நானே சொன்னேன். அவர் கிளிப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பணும், அதான் சார் எங்களுக்குத் தெரியும்.”

நர்ஸ் கேட்ட கேள்வி

மன்னார்குடியிலிருந்து ஸ்டெல்லா என்ற நர்ஸ், குவைத் போவதற்காக வந்தார். புது பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்ததுமே எனக்குள் புகைந்தது. “மூச்சு எதுக்கும்மா விடுறோம்?” என்று பரீட்சை வைத்தேன்.

“காத்து போய் வர்றது மேலோட்டம் சார். நிஜமான சுவாசம் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடக்குது. ரத்தம் கொண்டுபோற ஆக்சிஜனை வச்சு, சாப்பிட்ட சோத்துல வந்த குளுக்கோஸை உடைக்கும். அந்தச் சக்தியிலதான் நாம உக்காந்து பேசுறோம். மிச்சம் தண்ணியும் கரியமிலவாயுவும். அந்த வாயு இப்ப உங்க குழாய் வழியா வரப்போகுது” என்றார்.

இத்தனை வருடமாக நான் சொல்லிவருவதைவிடத் தெளிவாக இருந்தது. ஊதியதிலும் குறை இல்லை. ரிப்போர்ட்டை நீட்டினேன். எழுந்தவர் ஒரு நிமிடம் நின்றார். “பாஸ்போர்ட்டையே பாக்குறீங்களே சார், நீங்களும் எழுதிப் போட்டீங்களா?”

செல்வம் எழுதிய எண்

போட்டேன். நானும் செல்வமும் ஒரே மெஷினில் தொழில் கற்றவர்கள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இருவரும் எழுதிப் போட்டோம். அவனை நான் ஊதவைத்தேன், என்னை அவன். மூன்று முறை ஊதியதில் நல்லதை எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு மூன்றுமே மோசம். மூச்சுக்குழல் சுருங்கி விசிலடித்தது. “கொஞ்சம் ஏத்திப் போடுடா” என்று கெஞ்சினேன். வந்ததை வந்தபடி எழுதினான். அவன் போனான். நான் அவனுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவன், சென்ட் மணக்க சென்டருக்குள் நுழைந்தான். அந்த வாசனைக்கே எனக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் பைக்குள் கைவிட்டு இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். நான் சரியாகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: “அங்க மணல் காத்து அடிச்சா எனக்கே மூச்சு முட்டும் ஜோசப்பு. அன்னைக்கு நம்பரை மாத்திப் போட்டிருந்தா, ஒன்னைப் பெட்டியில வச்சு நாந்தான் கொண்டாந்திருக்கணும்.”

அவன் சொன்னது நியாயம் என்று புத்திக்கு எட்டிவிட்டது. ஆனால் ஊரார் மூச்சையெல்லாம் அளக்கும் இந்த மெஷினில் என் பெருமூச்சுக்கு மட்டும் இன்னும் கோடு விழவில்லை.