பிராந்தி ஊற்றாத எக்நாக்

கண்ணாடி டம்ளரின் விளிம்புக்கு மேலே வெள்ளை நுரை எழும்பி நிற்கிறது. அதன் தலையில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. எழுபதுகளில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம், மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் பங்களாவின் சமையலறையில் நான் பார்த்த டம்ளர் அது. இன்றைக்கு மூணாறில் திரும்பின பக்கமெல்லாம் ஹோட்டல். டிசம்பர் வந்தால் வெளியூர்க்காரர்கள் எக்நாக் என்கிற அந்த முட்டைப்பாலை வாங்கிக் குடிக்கிறார்கள். கொண்டுவந்து வைக்கிறவர் முகத்தில் ஒரு பரபரப்பும் இல்லை. எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே இப்போதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதை அன்றைக்குச் செய்தவள் என் மதினி, மூத்த அண்ணனின் மனைவி.

மதினிக்குச் சமையலென்றால் கிறுக்கு. எங்களோடு கொழுந்து பறிக்கும்போதும் வாய் ஓயாமல் குழம்பைப் பற்றித்தான் பேசுவாள். பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த பழைய பட்லர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விட, எஸ்டேட் மேனேஜர் துரையின் மனைவி துரைசாணி இவளைக் கூப்பிட்டு, "கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ பாரு, அப்புறம் யோசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். பங்களா அடுப்படி அதுவரை ஆண்களுக்கே போன வேலை. துரை ஏற்கனவே கொச்சியிலிருந்து ஒரு சமையல்காரனை வரச் சொல்லிவிட்டார் என்று வேறு பேச்சு. கிறிஸ்துமஸ் விருந்து சொதப்பினால் மதினிக்கு மறுபடியும் முதுகில் கூடை, காலில் அட்டைக்கடி. நானும் கொழுந்து பறிப்பவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கப் போவேன்.

விருந்துக்கு முந்தின நாளும் ஞாயிறுதான். துரைசாணி பெங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அடுப்படிக்கு வந்து, "நாளைக்கு எக்நாக் வேணும். இன்னைக்கு ஒரு டம்ளர் மட்டும் செஞ்சு காட்டு" என்று சொல்லி, பச்சை முட்டை, பால், சர்க்கரை, ஜாதிக்காய், பிராந்தி என்று சாமான்களையும் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மதினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, தொரைசாணி முழுகாம இருக்காவ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி எத்தனையோ வருடமாகியும் துரைசாணிக்குப் பிள்ளையில்லை என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பச்ச முட்டையும் பாலும் சும்மாவா கேப்பாவ? பெரியமனுசியான பிள்ளைக்குக் குடுப்போம், பிள்ளத்தாச்சிக்குக் குடுப்போம். வேற யாரு குடிப்பா? வெக்கத்துல ஏதோ இங்கிலீசுப் பேரு சொல்லுதாவ!"

அவ்வளவுதான், மதினிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சர்க்கரை ஆகாது, கருப்பட்டிதான் உடம்புக்கு நல்லது என்று நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடினாள். கருப்பட்டி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்லி, "யார்ட்டயும் மூச்சு விட்றாத" என்று எச்சரித்துவிட்டும் வந்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். மதினி இறங்கி வருவதற்குள் சேதி லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டியிருக்கும்.

முதலில் கொதிக்கிற பாலில் முட்டையை அப்படியே ஊற்றினாள். "அடப் பாவமே, பாலுக்குள்ள பொரியலாயிட்டு!" என்று அலறினாள். நான் சிரித்த சிரிப்பில் கரண்டியாலேயே ஓர் அடி வாங்கினேன். இரண்டாவது தடவை மஞ்சள் கருவைக் கருப்பட்டிப் பாகோடு சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை அடித்தாள். பாலைச் சற்று ஆறவிட்டுக் கரண்டி கரண்டியாக அதில் ஊற்றிக் கலக்கி, மறுபடியும் அடுப்பின் ஓரத்தில் வைத்துக் கிண்டினாள். கரண்டியில் ஆடை மாதிரி ஒட்டியது, திரியவில்லை! வெள்ளைக் கருவை மோர் மத்தால் சிலுப்பி நுரையாக்கி மேலே போட்டு, ஜாதிக்காயைத் துருவினாள். வாசனை கும்மென்று எழுந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பிராந்திப் பாட்டிலை மட்டும் மதினி தொடவேயில்லை.

துரைசாணி வந்து ஒரு வாய் குடித்தார். புருவம் உயர்ந்தது. இன்னொரு வாய். "நல்லா இருக்கே! பிராந்தி எங்கே?"

"இப்பம் வேண்டாம்மா. ஒடம்பு இருக்குத இருப்புக்கு ஆகாது."

"எந்த இருப்பு?"

மதினி பதில் சொல்வதற்குள் பின்வாசலில் சளசளவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் லயத்துப் பெண்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு நாட்டுக்கோழி முட்டையோடு நிற்கிறார்கள். கோழி முட்டையிடத் தயங்குகிற குளிர்காலத்தில் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்தவை. முன்னால் நின்ற கங்காணியின் மனைவி, வாயெல்லாம் பல்லாக, "பிள்ளத்தாச்சிக்குன்னு கொண்டாந்தோம்மா, மொத முட்டைய எங் கையால வாங்கிக்கிடணும்" என்றார்.

துரைசாணியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போச்சுளா, எல்லாம் போச்சு" என்று அவள் முனகியது எனக்கு மட்டும் கேட்டது. கொச்சிக்காரன் இனி இங்கே பஸ்ஸேறி வர வேண்டியதுதான் என்று நினைத்தேன். துரைசாணி டம்ளரில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

"இல்லம்மா. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்றார்.

கங்காணியின் மனைவிதான் சமாளித்தார். "அதுக்கென்னம்மா? இல்லன்னா ஒங்களுக்குக் குடுக்கக் கூடாதா? கொண்டாந்தத திருப்பிக் கொண்டுபோவமா நாங்க?"

துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. "நாளைக்கு இதையேதான் எல்லாருக்கும் செய்யப்போறோம். நீங்களும் வந்து குடிக்கணும்" என்றவர், முட்டை நீட்டிய கைகளைப் பார்த்து, "எங்க சமையல்காரம்மாகிட்ட குடுங்க" என்றார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மதினியும் யார் அந்தச் சமையல்காரம்மா என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

"ஏ மதினி, ஒன்னத்தான்!" என்று நான் போட்ட கூச்சலில் பங்களா நாய் குரைத்தது. மதினி அழுதுகொண்டே முந்தானையை விரித்துப் பிடித்தாள்.