எலும்புப் பையோடு ஒரு பரீட்சைக் காலை

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் நாங்கள் முதலில் தேடியது புத்தகத்தை அல்ல, எலும்பை. நூறு வருடத்தைத் தாண்டிய கல்லூரி அது. மூத்தவர்கள் தாங்கள் படித்து முடித்த எலும்புகளைப் பெட்டியோடு இளையவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே பழைய வழக்கம். எனக்கு வந்த பெட்டியில் ஒரு மண்டையோடு, ஒரு இடுப்பெலும்பு, ஒரு வலது தொடையெலும்பு, இன்னும் சில துண்டுகள். எல்லாம் உண்மையான மனித எலும்புகள். வகுப்பிலேயே திறமான பெட்டி என்னுடையதுதான் என்று சொல்லித் திரிந்தேன்.

வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டு அம்மாவுக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. "பிள்ளை, இது சைவ வீடு. செத்த ஆளை உள்ளுக்குக் கொண்டு வராதையும்!"

ஆகவே பெட்டி கொட்டாஞ்சேனையில் என் தோழி வீட்டுக்குப் போயிற்று. அவளுடைய அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே வைத்து, பின்னேரத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஆருக்கு அன்ரி இது? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

"பேர் கேட்டோ பிள்ளை மெழுகுதிரி கொளுத்துறது?"

நான் பெட்டியைத் திறந்து படிக்கத் தொடங்கினேன்.

வருட முடிவில் வாய்மொழிப் பரீட்சை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் தவறியதாகத்தான் கணக்கு; பிறகு இளையவர்களோடு இருந்து மறுபடி படிக்க வேண்டும். போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம். அங்கே இருந்த அம்மா அப்பாவின் முகத்தைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு தவணைகூட வீணாக்க நான் தயாரில்லை. வீட்டு அம்மா கோயில் திருவிழாவுக்கென்று வெளியூர் போனதும், எலும்புகளைத் துணிப்பையில் அறைக்குக் கொண்டுவந்து படித்தேன். பரீட்சையன்று அவர் திரும்பி வருகிறார் என்பதால், காலையில் பையோடேயே பஸ் ஏறினேன்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்சை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் என் பைக்குள் கையை விட்டான். விட்டவன் "அம்மோ!" என்று துள்ளிப் பின்னால் போனான். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், பைக்குள் மண்டையோடு. வேறென்ன வேண்டும்?

அவனுக்குப் பெரியவன் ஒருவன் வந்து, "யாரைக் கொன்றாய்?" என்று சிங்களத்தில் கேட்டான். பயம்தான். ஆனால் நேரம் போகப் போகக் கோபம் பயத்தைத் தின்றுவிட்டது. தொடையெலும்பை வெளியே எடுத்தேன். தெரிந்த சிங்களத்தில் அங்கேயே பரீட்சையை ஒப்பிக்கத் தொடங்கினேன். "இது வலது கால். இந்த முனை எலும்போடு ஒட்டிவிட்டது, ஆகவே வளர்ந்து முடிந்த ஆள். நீளத்தைக் கொண்டு உயரம் சொல்லலாம். இந்த இடுப்பெலும்பைப் பாருங்கள், இது ஆண். நான் டொக்டருக்குப் படிக்கிறேன். இன்றைக்கு எனக்குப் பரீட்சை!"

பெரியவன் சிரித்துவிட்டான். "போக விடு," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்சுக்குப் போனான்.

இளையவன் மட்டும் போகவில்லை. "நங்கி," என்றான் தணிந்த குரலில். தங்கை என்று கூப்பிட்டான். "இராணுவத்திலிருந்த என் அண்ணனை வடக்கிலிருந்து பெட்டியில் அனுப்பினார்கள். திறக்க விடவில்லை. அது அவனில்லை என்று அம்மா இன்னும் சொல்கிறாள். திறந்தால், எலும்பைப் பார்த்து யார் என்று சொல்வாயா?"

என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். அன்றைக்கு இருந்தது ஒன்றுதான்.

"உயரம் சொல்லலாம். வயது சொல்லலாம். யார் என்று என்னால் சொல்ல முடியாது."

அவன் தலையாட்டினான். முதலில் துள்ளி விலகிய அதே ஆள், தொடையெலும்பை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்து, பஸ் படி வரை தூக்கிவந்து தந்தான்.

என் பெயரைக் கூப்பிடும் நேரத்துக்கு மூச்சிரைக்க உள்ளே போய்ச் சேர்ந்தேன். கேட்டதற்கெல்லாம் சொன்னேன், அன்றைக்கு என்னை வீழ்த்தப் பரீட்சகர் மேசையில் ஆளில்லை. சித்தியடைந்தேன்.

பின்னேரம் எலும்புகளைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். அன்ரி வழக்கம்போல மெழுகுதிரி கொளுத்தினார்.

"இன்னொண்டு இருந்தால் தாங்கோ அன்ரி," என்றேன்.

அவர் ஆருக்கென்று கேட்கவில்லை. நானே கொளுத்தி வைத்தேன்.